உணவுக்கும் ஒரு வங்கி



மழை பிடித்து, பேர் குறைந்த மாதத்தில் நம் வீட்டில் முதலில் குறைவது எது? சாப்பாடுதான். கடையில் பற்றுக் கொப்பி நிறைந்துவிட்டால், "முதலாளி, இன்னும் ஒரு கிலோ மா தாங்க" என்று கேட்க வாய் வராது. 2022 ஆம் ஆண்டில் மா விலை ஏறியபோது பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்துக்கு உதவும் ஒரு வழியை இம்முறை படிப்போம்.

அமெரிக்காவில் பீனிக்ஸ் என்று ஒரு நகரம். அங்கே ஜோன் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் தொண்டு செய்துவந்தார். பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருவர், கடைகள் வீசும் பொருள்களைப் பொறுக்கியே பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக அவரிடம் சொன்னார். போய்ப் பார்த்தால், வீசியதில் நல்ல சாமானும் கிடந்தது! பணத்தைப் போட்டு எடுக்க வங்கி இருப்பதுபோல, உணவுக்கும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது. 1967 இல் புனித மேரி ஆலயத்தின் உதவியோடு முதல் உணவு வங்கி தொடங்கியது. கடைக்காரர்கள் வீசுவதற்குப் பதிலாக அங்கே கொடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு கொடுப்பவரைப் பாதுகாக்க 1996 இல் அங்கே ஒரு சட்டமும் வந்தது.

நம் தோட்டத்துக் கடைக்காரரும் மாதர் சங்கமும் சேர்ந்தால் இங்கேயும் செய்யலாம். ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும்.

1. கடைக்காரர் கொஞ்சமாகக் கொடுத்தாலும் மாதாமாதம், சொன்ன நாளில் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் மூட்டை, மறுமாதம் ஒன்றுமில்லை என்றால் யாரும் நம்பியிருக்க முடியாது.

2. காலாவதித் திகதியைப் பாருங்கள். வீங்கிய டின், கசியும் டின், வண்டு விழுந்த மா வேண்டாம். நம் பிள்ளைக்குக் கொடுக்காததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.

3. திகதி முதலில் முடியும் சாமானை முன்னால் அடுக்கி, அதை முதலில் கொடுங்கள்.

4. வரவு செலவை இருவர் எழுதட்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எல்லாரும் பார்க்கலாம். வாங்கியவர் பெயரை மட்டும் வெளியே சொல்லக் கூடாது.

5. கொடுத்ததைப் பற்றுக் கொப்பியில் ஏற்றக் கூடாது. "என் கடையில்தான் வாங்கணும்" என்றும் கட்டாயப்படுத்தக் கூடாது.

கடைக்காரர் மட்டும் கொடுத்தால் அது தர்மம். நாமும் போட்டால்தான் அது வங்கி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பது நம் பாட்டிமார் அறிந்த பழக்கம்தானே? சம்பளம் கிடைத்த மாதம் ஒரு பிடி போடுவோம். இல்லாத மாதம் தலை நிமிர்ந்து எடுப்போம். போட்டவர் எடுப்பதில் வெட்கம் என்ன?

ஒன்றை மறக்க வேண்டாம். இது நியாயமான சம்பளத்துக்கு மாற்று அல்ல. கஷ்டமான சில வாரங்களைக் கடக்க ஒரு கைத்தடி மட்டுமே.

கலந்து பேசுவோம்:
• நம் லயத்தில் சாமான் வைக்க, ஈரமில்லாத, எலி புகாத இடம் எது?
• கடைக்காரரிடம் யார் போய்ப் பேசுவது?
• கேட்கக் கூச்சப்படும் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?