வெளிமாநிலம் செல்லுமுன் போடவேண்டிய கணக்கு

ஓர் ஊரில் மாதக் கூலி 22,000 ரூபாய். நம் ஊரில் 14,000 ரூபாய். எது மேல் என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் விடை கூறிவிடுவான். ஆயினும் அவ்விடையை நம்பிப் புறப்படுவதற்கில்லை. கூலி என்பது கணக்கின் முதல் வரி மாத்திரமே. அதன் கீழே இரண்டு இனங்கள் எழுதப்பட வேண்டும். ஒன்று அவ்வூரின் சீதோஷ்ண நிலை. ஆண்டில் எத்தனை நாள் உழைக்க முடியும் என்பதை அது நிர்ணயிக்கிறது. மற்றொன்று வாழ்க்கைச் செலவு. உழைத்துப் பெற்றதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை இது நிர்ணயிக்கிறது. இவ்விரண்டையும் அளக்கும் முறையை இங்கே ஆராய்வோம்.

சங்கத்திலிருந்து விலகிப் பங்குத் தொகையைத் திருப்பிக் கேட்கும் அங்கத்தினர்களின் விண்ணப்பங்கள், ஆய்வாளன் என்ற முறையில் என் பார்வைக்கு வருவதுண்டு. தறியை விற்றாயிற்று, வீட்டை ஒத்திக்கு விட்டாயிற்று என்ற நிலைக்குப் பின்னரே பலர் கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றனர். விற்ற தறியைத் திரும்ப வாங்கிக் குழி தோண்டி, அச்சும் விழுதும் பூட்டி மீண்டும் பாவு ஏற்றுவது எத்தகைய பாடு என்பதை நெசவாளர்க்கு நான் கூறவேண்டுவதில்லை. ஆகையால் கணக்கு முன்னே வரவேண்டும். விற்பனை பின்னே வரட்டும்.

உதாரணத்திற்குக் குஜராத் மாநிலத்துச் சூரத் நகரை எடுத்துக்கொள்வோம். செயற்கை இழைத் துணிகளை நெய்யும் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற நகரம் அது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்தும், உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் அங்கே சென்று உழைக்கின்றனர். நம் அங்கத்தினர் ஒருவருக்கு அங்கிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சீதோஷ்ணம். சூரத், தபதி நதி அரபிக் கடலில் கலக்கும் இடத்திற்கு அருகே அமைந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் மிகப் பெரும் பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நம் மாநிலத்திலோ ஆண்டு மழையில் சுமார் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக் காற்றால் கிடைக்கிறது. ஐப்பசி அடைமழையில் தெருவில் பாவு நீட்ட இயலாது, போட்ட கஞ்சி உலராது, தறிக்குழியில் நீர் ஊறும் என்பதை நாம் அறிவோம். அம்மாதங்களைக் கருதியே நம் குடும்பங்கள் முன்கூட்டிச் சிறிது சேர்த்து வைக்கின்றன. சூரத்துக்குச் செல்பவருக்கு அந்தப் பழக்கம் பயன்படாது. அங்கே நெருக்கடிக் காலம் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களாகும்.

விசைத்தறி கூரையின் கீழ் ஓடுவதால் மழைக்கு நிற்காதே என்று சிலர் வினவலாம். தறி நிற்காமலிருக்கலாம், ஆள் நிற்க நேரும். தாழ்ந்த பகுதிகளிலுள்ள குடியிருப்புகளில் நீர் தேங்கினால் காய்ச்சல் வருகிறது. உருப்படிக்கு அல்லது மீட்டருக்கு இத்தனை என்று கூலி பெறுபவருக்குக் காய்ச்சல் நாள் கூலியற்ற நாள். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உகாய் அணையிலிருந்து பெருநீர் திறந்துவிடப்பட்டபொழுது சூரத் நகரின் பெரும் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. 1994ஆம் ஆண்டு செப்டம்பரில் பிளேக் நோய் பரவிற்று என்ற செய்தியால் இலட்சக்கணக்கான மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். அதன்பின் மாநகராட்சி துப்புரவுப் பணியில் முனைந்து, நாடு முழுவதும் பாராட்டும் அளவுக்கு நகரைச் சீர்திருத்தியது என்பதையும் சொல்லாவிடில் அவ்வூருக்கு நாம் அநீதி செய்தவர்களாவோம்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் கொண்டு ஓர் ஊரை எடைபோடலாகாது. சேலத்திலும் ஈரோட்டிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு. ஆயினும் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை ஆறுகிறது. வியர்வை ஆறினால்தான் உடல் குளிரும். கடலோர ஊரில் வெப்பம் அதைவிடக் குறைவாக இருப்பினும் ஈரப்பதத்தால் வியர்வை ஆறுவதில்லை. அதே வேலை இருமடங்கு வேலைபோல் அயர்வைத் தருகிறது. மேலும் ஓட்டு வீட்டுத் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர் உச்சி வேளையில் எழுந்து திண்ணையில் சாய்ந்துகொள்ளலாம். தகரக் கூரையின் கீழ்ப் பன்னிரண்டு மணி நேர முறையில் பல தறிகளை ஒருவராகக் கவனிப்பவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் இரவு முறை முடிந்து வந்து படுக்கும் இடம், பகல் முறைக்குச் சென்றவர் சற்றுமுன் எழுந்துபோன அதே படுக்கையாக இருப்பதும் அந்நகரின் தொழிலாளர் விடுதிகளில் சாதாரணம்.

தொழிலும் மாறிவிடுகிறது. பருத்தி நூல் காற்றின் ஈரத்தை உண்ணும் இயல்புடையது; சாதாரண நிலையில் அதன் எடைக்குச் சுமார் 8.5 சதவிகிதம் ஈரம் கொள்ளும். ஈரம் குறைந்தால் இழை அறும். நம் முன்னோர் குழித்தறியை நாடியதற்கு இக்குளிர்ச்சியும் ஒரு காரணம். செயற்கை இழையான பாலியெஸ்டரோ அரை சதவிகிதம் ஈரங்கூடக் கொள்வதில்லை. பருத்தியிலும் பட்டிலும் இருபது ஆண்டுகள் பழகிய கைக்கு அங்கே தனி மதிப்பு ஏதுமில்லை. தறியை ஓட்டவும் அறுந்த இழையை முடியவும் தெரிந்த புதியவருக்குக் கொடுக்கும் கூலியே அவருக்கும் கிடைக்கும்.

இனி வாழ்க்கைச் செலவுக்கு வருவோம். இங்கே படித்தவர்களும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. மத்திய அரசின் தொழிலாளர் செயலகம், தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை 88 மையங்களுக்குக் கணித்து மாதந்தோறும் வெளியிடுகிறது. சூரத்தும் சேலமும் அம்மையங்களில் அடங்கும். ஒரு மையத்தின் எண் 145, மற்றொன்றின் எண் 140 என்று இருக்கக் கண்டால், முன்னது செலவு மிகுந்த ஊர் என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு மையத்திலும் 2016ஆம் ஆண்டு அவ்விடத்தில் நிலவிய விலையை 100 என்று வைத்து, அதிலிருந்து எவ்வளவு ஏறியது என்பதையே அந்த எண் கூறுகிறது. இரு கிணறுகளில் நீர் எத்தனை முழம் ஏறிற்று என்று ஒருவர் சொன்னால், எந்தக் கிணற்றில் நீர் அதிகம் என்பது அதனால் விளங்குமோ? அதுபோலவே இதுவும். ஓர் ஊரின் எண்ணை அதே ஊரின் சென்ற ஆண்டு எண்ணுடன் ஒப்பிடலாம். ஊரோடு ஊரை ஒப்பிட அது உதவாது.

அதற்கு நம் குடும்பத்தின் பட்டியலே தக்க கருவி. சென்ற மாதம் வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, எரிவாயு, பால், மருந்து, பேருந்துக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றை அளவோடு ஒரு தாளில் எழுதுக. அதே அளவுக்கு அங்கே என்ன விலை என்று, ஏற்கெனவே அங்கு குடும்பத்துடன் வாழ்பவரைக் கேட்டு எதிரே எழுதுக. ஆள் சேர்க்க வந்தவரைக் கேட்பதில் பயனில்லை. அவருக்குக் கூலி தெரியும், புளி விலை தெரியாது. வருமானம் குறையக் குறையச் செலவில் உணவின் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857ஆம் ஆண்டிலேயே காட்டினார். ஆதலால் நம் பட்டியலில் அரிசி வரியே கனமான வரி. கோதுமையும் சோளமும் உண்ணும் நாட்டில் நாம் விரும்பும் புழுங்கலரிசியைக் கடையில் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

இதனுடன், நம்மோடு இரயில் ஏறாத பொருள்களையும் விலை மதிக்க வேண்டும். நம் மாநிலத்தில் 2011 ஜூன் முதல் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி வழங்கப்பட்டு வருகிறது. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தில் 2020இல் தமிழகமும் சேர்ந்தது உண்மையே. ஆனால் வெளிமாநிலக் கடையில் பெறத்தக்கது மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்னுரிமை பெற்ற அட்டைகளுக்கான தானியம் மாத்திரமே. மாநில அரசு தன் செலவில் தரும் பருப்பும் பாமாயிலும், முன்னுரிமையற்ற அட்டைக்கான அரிசியும் எல்லை தாண்டுவதில்லை. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட், விசைத்தறியாளர்க்கு 1,000 யூனிட் என்று 2023இல் உயர்த்தப்பட்ட கட்டணமில்லா மின்சாரமும் அவ்வாறே. சங்கத்தின் சேமிப்புத் திட்டமும் ஓய்வூதியமும் அங்கத்தினர்க்கே உரியவை. கூலி வரும் வரையில் கடனுக்குச் சரக்குத் தரும் மளிகைக்கடைக்காரரை எந்தப் பத்தியில் எழுதுவது? 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது சூரத்தின் வெளிமாநிலத் தொழிலாளர்கள், தங்களை ஊருக்கு அனுப்புமாறு கோரித் தெருவில் இறங்கிய செய்தியைப் படித்தவர்கள் அந்தக் கடைக்காரரின் மதிப்பை உணர்வார்கள்.

இப்பொழுது எண்களைப் பொருத்திப் பார்ப்போம். இவை முறையை விளக்க எடுத்துக்கொண்ட எண்களே. ஒவ்வொருவரும் தத்தம் எண்ணை இட்டுக்கொள்ள வேண்டும். அங்கே மாதம் 22,000 ரூபாய் என்பது பேச்சு. தீபாவளியை ஒட்டித் தறிக்கூடங்கள் இரண்டு மூன்று வாரங்கள் மூடப்படுவது வழக்கம். அதனுடன் ஊர்ப் பயணம், நோய் ஆகியவற்றையும் கழித்தால் பத்தரை மாதக் கூலியே தேறும்; ஆண்டுக்கு 2,31,000 ரூபாய். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 7,500 வீதம் பதினொரு மாதத்திற்கு 82,500. இருமுறை ஊர் வந்து செல்ல 8,000. மருந்து, துணிமணி, தொலைபேசிக்கு 12,000. மிஞ்சுவது 1,28,500. இங்கேயோ மாதம் 14,000 வீதம், மழை நாளும் பண்டிகை நாளும் கழித்துப் பத்தரை மாதத்திற்கு 1,47,000. அவர் ஒருவரின் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாதம் 1,800 வீதம் 21,600 கழிக்க, 1,25,400 மிஞ்சும். மாதத்திற்கு 8,000 ரூபாய் வித்தியாசம் என்று தொடங்கிய பேச்சு, ஆண்டுக்கு 3,100 ரூபாயில் வந்து நிற்கிறது.

இங்குள்ள 14,000 ரூபாயை ஒருவருடைய கூலியாகக் கொள்ளாமல் குடும்பத்தின் கூலியாகவே நான் எழுதினேன். மனைவி தார் சுற்ற, முதியவர் பாவு பிணைக்க, மூவர் உழைப்பில் ஓடுவது நம் தறி. நெய்பவர் போய்விட்டால் அவர் பங்கு மட்டும் குறைவதில்லை, தறியே நிற்கிறது. மனைவி வேறொருவர் தறிக்குத் தார் சுற்றிச் சம்பாதித்தால் அதனை அங்குள்ள மீதத்துடன் கூட்டிக்கொள்வது நியாயம். குடும்பத்துடனே குடியேறுவதாயின் வாடகை முழு வீட்டுக்கும் ஏறும். மனைவிக்கு அங்கே வேலை உறுதியா என்பதும், பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பர் என்பதும் முன்னே நிற்கும். சூரத் மாநகராட்சி ஒடியா, தெலுங்கு வழிப் பள்ளிகளை நடத்துவதற்குக் காரணம், அம்மொழியினர் அங்கே திரளாக வாழ்வதே. அகமதாபாதில் இருந்த தமிழ்வழிப் பள்ளி, மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் 2020இல் மூடப்பட்டது.

போகவே வேண்டாம் என்று கூறுவது என் கருத்தன்று. சொந்தத் தறியில்லாத இளைஞருக்கு மேற்கண்ட கணக்கு வேறு விடை தரும். மாதத்தில் பதினைந்து நாளுக்குத்தான் பாவு தர முடிகிறது என்ற நிலையிலுள்ள சங்கம், தன் அங்கத்தினருக்கு ஊரில் இருக்குமாறு உபதேசம் செய்யும் தகுதியை இழந்துவிடுகிறது. நிர்வாகக் குழுவினர் இவ்வரியைச் சற்று நிதானித்துப் படிக்கும்படி வேண்டுகிறேன். நூல் தட்டுப்பாடும், தேங்கிய சரக்கும், தாமதித்த கூலியும் எத்தனை பேரை வெளியே தள்ளின என்று அவர்கள் ஆண்டறிக்கையில் எழுதுவதில்லை.

நெசவாளர் ஊர் மாறுவது இன்று தோன்றியதுமன்று. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, பட்டு நெசவாளர் குழு ஒன்று இலாட நாட்டிலிருந்து அவ்வூருக்குக் குடிபெயர்ந்த வரலாற்றைக் கூறுகிறது. இலாட நாடு என்பது இன்றைய சூரத், பரூச் பகுதியை உள்ளடக்கியது! அவர்கள் கி.பி. 436இல் அங்கே ஒரு சூரியன் கோயிலைக் கட்டி, 473இல் அதனைப் புதுப்பித்தனர். குழுவில் சிலர் நெசவைத் தொடர்ந்தனர். சிலர் வில்வித்தை, சோதிடம் முதலிய வேறு துறைகளை மேற்கொண்டனர். மதுரை, பரமக்குடி, கும்பகோணம் முதலிய ஊர்களிலுள்ள சௌராஷ்டிர நெசவாளரும் குஜராத்திலிருந்து தெற்கே வந்தவர்களின் வழியினரே. இவ்விரு கூட்டத்தாரும் குழுவாகப் பெயர்ந்து, தொழிலையும் உறவையும் உடன்கொண்டு சென்றவர்கள். தனியாளாக ஒரு தகரப்பெட்டியுடன் செல்வதை அதற்கு ஒப்பிட முடியாது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து செல்ல இயலுமாயின் வாடகை, சமையல், நோய்க்காலத் துணை ஆகிய மூன்று வரிகளும் சுருங்கும்.

பயிர் செய்யும் அங்கத்தினர்க்குச் சுருக்கமாக ஒன்று. கர்நாடகத்தில் நிலம் வாங்குவதற்கிருந்த, விவசாயியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை 2020இல் நீக்கப்பட்டது. அதனால் நிலம் கிடைக்கலாம். ஆனால் வடகிழக்குப் பருவத்தை எதிர்நோக்கிச் சம்பா நடும் பழக்கம் அங்கே செல்லாது. தென்மேற்குப் பருவத்துக்கு ஏற்ப விதைப்பு மாதத்தையே மாற்ற வேண்டும். ஓராண்டு குத்தகைக்கு எடுத்துப் பார்த்த பின்னரே விலைக்கு வாங்குவது நலம்.

நெசவாளரும் அவ்வாறே சோதித்துப் பார்க்கலாம். ஊரைப் பார்க்கச் செல்வோர் தை, மாசி மாதங்களில் செல்லவேண்டாம். அப்பொழுது சூரத்தில் இளங்குளிர், வானம் தெளிந்திருக்கும், எந்த ஊரும் நல்ல ஊராகவே தோன்றும். ஆடி மாதத்தில் சென்று, வாடகைக்குப் பேசும் அறையிலேயே பத்து நாள் தங்கி, மழை நீர் எதுவரை ஏறுகிறது என்று சுவரைப் பாருங்கள். அதுவரை பங்குத் தொகை சங்கத்திலேயே இருக்கட்டும். தறியை விற்காமல் அச்சையும் விழுதையும் கழற்றி உலர்ந்த இடத்தில் தொங்கவிட்டு, குழியைப் பலகையிட்டு மூடி வையுங்கள்.