பணிய லயத்துக் கான்

அன்புள்ள மருமகளுக்கு,

"பிரதேச சபைக்கும் மண்சரிவுக்கும் என்ன மாமா சம்பந்தம்? அதெல்லாம் கொழும்பு பார்க்க வேண்டியதுதானே?" என்று கேட்டிருந்தாய். 2025 மே 6இல் சபைத் தேர்தலில் முதல் வாக்கைப் போட்டாய். அதே வருஷம் நவம்பரில் டித்வா புயல் வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தாய். சும்மா கேட்கிற கேள்வியில்லை என்று தெரியும்.

பணிய லயத்துக்குப் பின்னால் ஓடுகிற கானை நினைத்துப் பார். மேல்மலை மழையெல்லாம் அதில்தான் இறங்க வேண்டும். என் அப்பா காலத்தில் கான் வெட்டுவதற்கென்றே பெரட்டில் ஆள் பிரிப்பார்கள். இப்போது புல்லும் ஷொப்பிங் பையும் அடைத்துக் கிடக்கிறது. வழியில்லாத தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். ஊறிக் கனத்த மண் ஒருநாள் பிடிவிடும். யார் துப்புரவாக்குவது? துரையைக் கேட்டால் சபை என்பார். சபையைக் கேட்டால் தோட்டம் என்பார்கள்.

இந்தப் பந்தாட்டத்துக்குச் சட்டமும் துணை நின்றது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைப் போட முடியாது என்று கைவிரித்தார்கள். வாக்கு மட்டும் வேண்டும்! 2018இல் அது திருத்தப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்ற புதுச் சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்ததும் அந்த வருஷம்தான். துரையோடு பேச வேண்டியிருக்கும், அது வேறு. "சட்டம் விடாது" என்று இனி ஒரு மெம்பர் சொன்னால் நம்பாதே.

சபையால் ஆகாததும் உண்டு. லயத்தையே இடம் மாற்றக் காணி வேண்டும். காணி அரசாங்கத்தினது, குத்தகை கம்பனியினது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். போக இடமில்லாத சனம் அங்கேயே இருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை வந்து லயங்களை மூடியது. அதனால், சபைத் தேர்தலில் "எல்லாருக்கும் தனி வீடு" என்கிறவரிடம் காணி யார் தருவது என்று கேள். "மே மழைக்கு முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும் கான் வெட்டுவிப்பேன்" என்கிறவர் பேச்சு சின்னதாகத்தான் இருக்கும். என் வாக்கு அவருக்கு.

சபையில் கேட்கப் போகும்போது கையில் மழைக் கணக்கு இருக்கட்டும். அடி தட்டையான பால்மா டின் ஒன்றை வெட்டவெளியில் வை. தினமும் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து எழுதிவிட்டுக் கொட்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் மூட்டை கட்டு, 150 என்றால் வெளியேறு. அப்போது எந்த மெம்பரையும் பார்த்து நிற்காதே.

இன்னொன்று. காம்பிரா சுவரில் வெடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுது. வெடிப்பு கோட்டைத் தாண்டினால் கிராம உத்தியோகத்தரிடம் அன்றைக்கே சொல். எங்கள் சுவரில் மூன்று கோடு ஆகிவிட்டது. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நாலு விரல் வைக்கலாம். உங்கள் சுவரையும் படம் எடுத்து அனுப்பு. சபைக்கு எழுதுகிற மனுவோடு இரண்டு சுவர்ப் படங்களையும் சேர்த்துக் கொடுப்போம்.

அன்புடன்,
மாமா