இரத்தக் குறைபாடு உள்ளோரின் வெளியூர்ப் பயணமும் மலேரியாத் தடுப்பும்

அறுவடை முடிந்து காடு கழனிகள் ஓய்ந்ததும், நம் தர்மபுரி மாவட்டத்துக் குடியானவர்கள் பலர் பிழைப்பை நாடி வெளியூர் செல்வது யாவரும் அறிந்ததே. வானம் பார்த்த பூமியை நம்பி வாழும் ஊர்களில் இது தவிர்க்க இயலாததாகவும் இருக்கிறது. கட்டட வேலை, தோட்ட வேலை, ஆழ்துளைக் கிணற்று வண்டி வேலை என்று பல தொழில்கள் அவர்களை அண்டை மாநிலங்களுக்கும், அதற்கு அப்பாலும் அழைத்துச் செல்கின்றன. அவ்வாறு செல்வோருள் ஒரு சிறு பகுதியினரைப் பற்றியதே இப்பாடம். பிறவியிலேயே இரத்தத்தில் குறைபாடு உடையவர்கள் மலேரியா பரவும் இடத்திற்குச் சென்றால் என்ன நேரும், அவர்கள் எத்தகைய மருந்தை எவ்வாறு உட்கொள்ள வேண்டும், இதில் ஊராட்சியின் கடமை யாது என்பவற்றை நாம் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

மறந்துபோன காய்ச்சல்

நாடு விடுதலை பெற்ற காலத்தில், ஆண்டுதோறும் ஏறக்குறைய 7.5 கோடி மக்கள் மலேரியாவுக்கு ஆளாயினர். சுமார் 8 லட்சம் பேர் இறந்தனர். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றன. சேலத்திலிருந்து பிரிந்து நம் மாவட்டம் உருவான 1965ஆம் ஆண்டில், நாடெங்கும் மலேரியா கண்டோர் தொகை ஒரு லட்சமாகக் குறைந்திருந்தது. நோய் ஒழிந்தது என்று பலரும் எண்ணினர். ஆனால் 1976இல் அது மீண்டும் தலைதூக்கி, 64 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிக்கொண்டது. அசட்டையாக இருந்தால் கொசு திரும்பிவிடும் என்பதே அவ்வாண்டு கற்பித்த பாடம்.

அதன் பின்னர் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் நல்ல பயனை அளித்துள்ளன. 2015இல் நாட்டில் 11.69 லட்சம் பேருக்குக் கண்ட இந்நோய், 2023இல் 2.27 லட்சம் பேருக்கே கண்டது. எனினும் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களின் காட்டுப் பகுதிகளிலும், மிசோரம், திரிபுரா போன்ற வடகிழக்குப் பகுதிகளிலும் அது இன்னும் வலுவுடன் இருக்கிறது. நம் ஊரில் காணாமையால் எவ்வூரிலும் இல்லை என்று எண்ணிவிடலாகாது.

இரத்தத்தில் உள்ள குறைபாடு

நலமுள்ள ஒருவரின் சிவப்பணு வட்டமாக இருக்கும். சுமார் 120 நாட்கள் வாழும். அரிவாள் அணு இரத்தசோகை கண்டவரின் சிவப்பணு, உயிர்வளி குறையும்போது கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்து விறைத்துவிடுகிறது. அவ்வணு 10 முதல் 20 நாட்களுக்குள் அழிந்துவிடும். வளைந்த அணுக்கள் சிறு குழாய்களை அடைத்துக்கொள்வதால், எலும்பிலும் மார்பிலும் வயிற்றிலும் தாங்க இயலாத வலி உண்டாகிறது. தலசீமியா என்பது இதற்கு உறவான மற்றொரு பிறவிக் குறைபாடு; அதன் கடுமையான வகை கண்ட குழந்தைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

இவை தொற்று நோய்கள் அல்ல. தாய், தந்தை இருவரும் இக்கூற்றைத் தாங்கியவர்களாக இருப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. குழந்தை தாங்கியாக மட்டும் பிறக்க நான்கில் இரண்டு பங்கும், குறையேதுமின்றிப் பிறக்க ஒரு பங்கும் வாய்ப்பு உண்டு.

இந்தியாவில் அரிவாள் அணுக் கூறு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1952இல். லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் அதனை நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டனர். 2023 ஜூலை 1 அன்று மத்திய அரசு தொடங்கிய அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்பு இயக்கம், 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ள 7 கோடி மக்களைப் பரிசோதிக்கும் நோக்கமுடையது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைகளில் பழங்குடி மக்கள் வாழும் நம் மாவட்டம் இதில் தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும்.

ஓர் அரை உண்மை

"இரத்தத்தில் இக்கூறு உள்ளவரை மலேரியா அண்டாது" என்ற பேச்சு உண்டு. இதில் பாதி உண்மை. மறு பாதி பேராபத்து.

மலேரியா மிகுந்த நாடுகளில் இத்தகைய இரத்தக் கூறுகளும் மிகுந்திருப்பதன் காரணத்தை 1949இல் ஊகித்துச் சொன்னவர் ஹால்டேன் என்ற அறிஞர். இவர் பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். 1954இல் ஆலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து, அரிவாள் அணுக் கூற்றை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவருக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு எனக் காட்டினார். ஒட்டுண்ணி புகுந்த அணு விரைவில் வளைந்துவிட, மண்ணீரல் அதனை அகற்றிவிடுகிறது.

இருபுறமும் பெற்று நோயாளியாகவே இருப்பவரின் நிலை வேறு. அவருடைய மண்ணீரல் பெரும்பாலும் சிறு வயதிலேயே பழுதடைந்துவிடும். ஏற்கெனவே குறைந்துள்ள இரத்தத்தை மலேரியா மேலும் அழிக்கும். காய்ச்சலும் நீர் வறட்சியும் அணுக்களை வளைத்து வலியை மூட்டும். பிறருக்குச் சில நாள் துன்பமாகக் கழியும் காய்ச்சல், இவருக்கு உயிருக்கே உலையாகலாம். தலசீமியாவுக்காக மண்ணீரலை அறுவை செய்து நீக்கிக்கொண்டவரும் இதே எச்சரிக்கைக்கு உரியவர். தாங்கிக்குக் கிடைக்கும் பாதுகாப்புங்கூட முழுமையானதன்று. அவரும் கொசுவலையின்றி உறங்கலாகாது.

தடுப்பு மருந்து

மலேரியாத் தடுப்பு மாத்திரை ஒருமுறை போட்டு மறந்துவிடும் ஊசியைப் போன்றதன்று. புறப்படுமுன் தொடங்கி, தங்கும் நாளெல்லாம் தொடர்ந்து, திரும்பிய பின்னும் சில வாரம் உட்கொள்ள வேண்டும். பெங்களூருக்கோ திருப்பூருக்கோ செல்பவருக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. செல்லும் இடத்தின் பெயரைக் கேட்டு மருத்துவரே முடிவு செய்வார்.

நம் நாட்டின் மருத்துவ நெறிமுறைப்படி, 6 வாரம் வரையான பயணத்திற்கு டாக்சிசைக்ளின் அளிக்கப்பெறும். பெரியவர்களுக்கு நாள்தோறும் 100 மி.கி.; புறப்படுவதற்கு 2 நாட்களுக்கு முன் தொடங்கி, திரும்பிய பின் 4 வாரம் வரை தொடர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஆகாது. உணவுக்குப் பின் நிறைய நீருடன் விழுங்கி, அரை மணி நேரமேனும் படுக்காமல் இருத்தல் நன்று. வெயிலில் தோல் எளிதில் கன்றும். ஆகையால் முழுக்கைச் சட்டை அணிதல் நலம். அது கொசுக்கடிக்கும் காப்பாகும். இரும்புச் சத்து மாத்திரையை இதனுடன் சேர்த்து உண்டால் மருந்தின் வலிமை குறையும்.

6 வாரத்திற்கு மேற்பட்டுத் தங்குவோருக்கு வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயின் 250 மி.கி. கூறப்பட்டுள்ளது, 2 வாரம் முன்னரே தொடங்கித் திரும்பிய பின் 4 வாரம் தொடர வேண்டும். வலிப்பு, மனநோய், இதய நோய் உள்ளவர்களுக்கு இது ஒவ்வாது. அரிவாள் அணு நோயால் பக்கவாதமோ வலிப்போ கண்டவர்கள் அதனை மருத்துவரிடம் மறைக்காது கூற வேண்டும்.

நோயாளி வழக்கமாக உண்ணும் ஹைட்ராக்ஸியூரியா, போலிக் அமிலம் முதலியவற்றைத் தடுப்பு மருந்தின் பொருட்டுத் தாமாக நிறுத்தலாகாது. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுவதே சிறந்த வழி. சில மலேரியா மருந்துகளின் ஆற்றலை மிகுதியான போலிக் அமிலம் குறைக்கக்கூடும் என்பதால் இது முக்கியம்.

ஒவ்வாத மருந்து ஒன்று

விவாக்ஸ் வகை மலேரியாவின் ஒட்டுண்ணி ஈரலில் பதுங்கியிருந்து, பல மாதம் கழித்தும் மீண்டும் காய்ச்சலை உண்டாக்கும். அதனை வேரறுக்க 14 நாட்கள் பிரைமாகுயின் கொடுப்பது வழக்கம். பெரும்பாலோருக்கு இது நல்ல மருந்து. ஆனால் ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்த இரத்தமுடையோருக்கு இம்மருந்து சிவப்பணுக்களைக் கூட்டங்கூட்டமாக உடைத்துவிடும். இக்குறைபாடு 1956இல் கண்டறியப்பட்டதே பிரைமாகுயினை ஆராய்ந்ததன் விளைவாகத்தான். இது ஆண்களிடமே மிகுதியாக வெளிப்படும். எளிய இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். மாத்திரை உண்ணும்போது சிறுநீர் கடுங்காப்பி நிறமாக மாறினாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருந்தை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்குவது எத்துணைத் தீங்கானது என்பது இதனால் விளங்கும்.

பயணம் செய்வோர் கவனிக்க

1. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னரே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ, இரத்த நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரையோ காண்க. செல்லும் மாநிலம், மாவட்டம், தங்கும் நாட்கள் ஆகியவற்றைச் சொல்க.

2. பரிசோதனை அட்டையும் மருந்துச் சீட்டும் எப்போதும் உடன் இருக்கட்டும். மருந்து தீருமுன் ஊர் திரும்ப இயலாதெனில் கூடுதலாகப் பெற்றுச் செல்க.

3. அனோபிலிஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். மருந்து உண்டாலும் கொசுவலை கட்டாயம் வேண்டும்.

4. வழியில் நிறைய நீர் பருகுக. குளிரும் நீர் வறட்சியும் அரிவாள் அணு நோயாளிக்குப் பகை.

5. காய்ச்சல் கண்டால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்க. நாளை பார்ப்போம் என்பது இவர்களுக்குப் பொருந்தாது.

6. திரும்பிய பின் பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், சென்று வந்த ஊரின் பெயரை மருத்துவரிடம் கூறுக.

ஊராட்சியின் கடமை

இரத்தப் பரிசோதனை அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்கும் குடும்பங்கள் உண்டு. பெண்ணின் திருமணம் தடைபடுமோ என்ற அச்சமே இதற்குக் காரணம். அச்சத்தால் மறைக்கப்படும் அட்டை ஆபத்து வேளையில் எவருக்கும் உதவாது. எனவே கிராம சபையில் நோயைப் பற்றிப் பேசுக. நோயாளியின் பெயரைப் பேசற்க. பெயர்கள் கிராம சுகாதாரச் செவிலியரின் ஏட்டில் மட்டும் இருந்தால் போதும்.

வெளிமாநில வேலைக்குச் செல்வோர் விவரத்தை ஊராட்சி அலுவலகத்தில் குறித்து வைத்தால், செவிலியர் உரியவரைச் சந்தித்து ஆலோசனை கூற வழி பிறக்கும். ஆள் சேர்த்து அழைத்துச் செல்லும் மேஸ்திரிகளையும் அழைத்துப் பேசுதல் வேண்டும். ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில், ஒரு கூட்டத்திலேனும் மருத்துவ அலுவலரைக் கொண்டு இப்பொருளை விளக்கச் செய்யலாம்.

கலந்துரையாட மூன்று வினாக்கள்

அ. இக்கூற்றைத் தாங்கியவருக்கும் நோயாளிக்கும் மலேரியாவைப் பொறுத்தவரை உள்ள வேறுபாடு யாது?

ஆ. திரும்பி வந்த பின்னும் தடுப்பு மருந்தை ஏன் தொடர வேண்டும்?

இ. சென்ற ஓராண்டில் நம் ஊராட்சியிலிருந்து வெளிமாநிலம் சென்றவர் எத்தனை பேர்? அவர்களுள் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர் எத்தனை பேர்?

முதல் இரண்டு வினாக்களுக்கு விடை இப்பாடத்திலேயே உள்ளது. மூன்றாவதற்கு விடை காண்பது உறுப்பினர்களாகிய உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த கிராம சபை கூடுமுன் அதனைக் கண்டறிந்தால், உழைத்துப் பிழைக்கச் செல்லும் நம் மக்கள் சென்றவாறே நலமுடன் திரும்ப அது துணைபுரியும் என்பது திண்ணம்.