கியர் பெட்டியின் ஓசைகள்: எது இயல்பு, எது பழுது?

1. ரிவர்ஸில் வண்டி நகரும்போது எழும் 'ஊ'வென்ற ஓசையைக் கேட்டுச் சஞ்சலம் கொள்ளாதீர்கள். முன்செல்லும் கியர்களின் பற்கள் சாய்வாக அமைந்திருக்க, ரிவர்ஸின் பற்கள் பெரும்பாலான கார்களில் நேராக வெட்டப்பட்டிருப்பதே அதற்குக் காரணம்.

2. அதே கியர் போடும்போது 'கரகர'வென்று உராய்ந்தால், வண்டியை முற்றிலும் நிறுத்தி, கிளட்சை அடிவரை மிதித்து, இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள். உள்ளே சுழலும் தண்டு அடங்க அவகாசம் வேண்டும். அப்போதும் விழாவிட்டால், முதல் கியருக்குத் தள்ளிவிட்டுப் பிறகு ரிவர்ஸுக்கு வாருங்கள்.

3. குளிர்ந்த காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடித்தால் வலிந்து தள்ளாதீர்கள். கியர் ஆயில் சூடேறி இளகியதும் தானே இணங்கும்.

4. நியூட்ரலில் கேட்கும் மெல்லிய சலசலப்பு கிளட்சை மிதித்ததும் அடங்குமாயின், பெரும்பாலும் விசாரம் வேண்டாம். மாறாக, மிதிக்கும்போது மட்டும் கிறீச்சிடுமானால், கிளட்ச் பேரிங் தேய்ந்ததன் அறிகுறியாக இருக்கக்கூடுமாதலால், தாமதமின்றி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.