கலத்தைக் கிலோவாக்காதீர்கள்

இசை, சிற்பம், கல்வெட்டு மூன்றையும் சேர்த்து ஆராய்ச்சி பண்ணப் போகிறேன் என்று தஞ்சாவூரில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, “அது எந்தத் துறையில வரும்?” என்பதுதான். தமிழ்ப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால் இசையும் சிற்பமும் கலைப்புலத்தில், கல்வெட்டியலும் தொல்லியலும் சுவடிப்புலத்தில். இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகத்தில் தொல்லியல், கலை வரலாறு, திரைப்படம், இசை நான்குக்கும் சேர்த்து ஒரே துறை இருக்கிறது. என் சித்தப்பா மகன் அதைத் தேடிப் பிடித்து, “பேசாம அங்க போய்ப் படியேன்க்கா” என்றான். 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் படிக்க வேண்டிய சுவரோ பெரிய கோயிலில் இருந்தது. போகவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தமும் கிடையாது.

திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு, பிறகு தபாலில் வரலாறு எம்.ஏ., பிறகு கல்வெட்டு எழுத்துப் பயிற்சி, ஆய்வுக்குப் பதிவு, கட்டணம், கையெழுத்துக்கு அலைச்சல். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். எங்கே பதிவு செய்தேன் என்பது மட்டும் வேண்டாம். நெறியாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது ராஜராஜனின் தளிச்சேரிக் கல்வெட்டு. வடக்குத் திருச்சுற்று மாளிகையின் வெளிப்புறச் சுவரில் இருக்கிறது. திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்திய, கோயிலில் ஆடும் 400 பெண்களின் பட்டியல் அது. எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று வரிசையாகப் போகும். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். அவர்களுக்குப் பிறகு நட்டுவனார், வீணை வாசிப்பவர், உடுக்கை வாசிப்பவர், கணக்கர், தையல்காரர், நாவிதர், சலவை செய்பவர் எல்லோரும் வருகிறார்கள்.

வம்பு இந்த 100 கலத்தில்தான். “இன்னைக்கு ரேட்ல எவ்வளவு வரும்னு போடும்மா, அப்பதான் படிக்கிறவனுக்கு உறைக்கும்” என்றார் நெறியாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “பண்ணையில குத்தகை அளந்து வாங்குறப்ப ஒரு மரக்கா, கூலி அளந்து போடுறப்ப ஒரு மரக்கா. எந்த மரக்காவுக்கும்மா நீ ரேட்டு போடப்போற?” இதை நெறியாளரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கலத்தைக் கிலோவாக்கி, கிலோவைக் கொள்முதல் நிலைய விலையால் பெருக்கி, ஓர் அத்தியாயமே அந்த ரூபாய்க் கணக்கில் எழுதியாயிற்று. புறத்தேர்வாளர் அந்த அத்தியாயத்தோடு சேர்த்து முழு ஆய்வேட்டையும் திருப்பி அனுப்பினார். எந்த அளவைக்கு எந்த ஆதாரம் என்று கேட்டிருந்தார், வேறு ஒன்றுமில்லை. திரும்ப எழுத வேண்டியதானது, திரும்பக் கட்டணம் கட்டினேன், வரவேண்டிய ஒரு கௌரவ விரிவுரையாளர் வேலையும் கைநழுவியது. “நான் சும்மா ஒரு யோசனைதான் சொன்னேன்” என்றார் நெறியாளர்.

விடை அதே கோயிலில்தான் இருந்தது. திருப்பதியம் பாட 48 பிடாரர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேரை நியமித்த இன்னொரு கல்வெட்டு உண்டு. அவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். 12 குறுணி ஒரு கலம் என்பதால் நாளுக்குக் கால் கலம், வருஷத்துக்கு 91 கலத்துக்குச் சற்று மேல். ஆடும் பெண்ணுக்கு 100, பாடும் பிடாரருக்கு 91. இரண்டையும் அளந்தது ராஜகேசரி என்ற அளவோடு ஒக்கும் ‘ஆடவல்லான்’ என்ற அதே மரக்கால். ரூபாயும் வேண்டாம், கிலோவும் வேண்டாம். கல்லில் உள்ள சம்பளத்தைக் கல்லில் உள்ள இன்னொரு சம்பளத்தோடு வையுங்கள். அப்பா கேட்ட கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

அந்த 50 பேர் பட்டியலில் சுருதிக்கோ பண்ணுக்கோ துணையாக ஒரு கருவியும் இல்லை, இரண்டும் தோல் கருவிகள். 48 குரல் ஒன்றாக எழுந்தால் சுருதியை யார் பிடித்திருப்பார்கள் என்ற கேள்வி, தம்பூராவோடு உட்கார்ந்து பாடிப் பழகியவளுக்குத்தான் வரும். “மூணுல ஒண்ணை விடு” என்று எனக்கு உபதேசம் செய்தவர்கள் ஆபிரகாம் பண்டிதரை நினைத்துக்கொள்ளட்டும். இதே தஞ்சாவூரில் சித்த வைத்தியம் பார்த்து, புகைப்படம் எடுத்து, பண்ணை வைத்து, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டவர். அவரிடம் யாரும் துறை கேட்டதாகத் தெரியவில்லை.

சுவருக்குப் போகிறவர்களுக்கு: அச்சில் படிக்க தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி, ஹூல்ஷ் பதிப்பித்தது. அதைப் படித்துவிட்டு, கையிலும் வைத்துக்கொண்டு கல்லைப் பாருங்கள். கல்லில் புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். வடக்குச் சுவர் என்பதால் மார்கழியில் வெயிலே படாது. சித்திரையிலிருந்து ஆவணி வரை சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும்போது காலை ஏழு மணிக்குப் போனால் வெயில் சுவரைத் தடவிக்கொண்டு போகும், வெட்டின் பள்ளத்தில் நிழல் நிற்கும், மங்கின எழுத்துகூடத் துலங்கும். நேருக்கு நேர் பிளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். மற்ற மாதங்களில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் வீட்டில் குறுவை நாற்றங்காலுக்குக் கூப்பிடுவார்கள், அதனால் வைகாசிக்குள் முக்கால் வேலையை முடித்துவிடுங்கள். மேல் தளத்துக் கரணச் சிற்பங்களையும் (108-இல் செதுக்கி முடித்தது 81), 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த கருவறைச் சுற்றுப்பாதைச் சோழர் ஓவியங்களையும் நினைத்த நேரத்தில் பார்க்க முடியாது. மத்தியத் தொல்லியல் துறைக்கு மனுப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

100-க்கு 91 என்ற அந்த அட்டவணை இப்போது நெறியாளரின் கருத்தரங்குக் கட்டுரைகளில் வருகிறது, அடிக்குறிப்பு இல்லாமல். நீங்கள் எந்தக் கணக்குப் போட்டாலும் அவர் மேசைக்குப் போகும் முன் தேதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.