களிமண்ணில் இட்லித் தட்டு

வீடியோ கேம் என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம். 2023இல் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’ வேறு வகை. கனடாவில் குடியேறிய தமிழ்ப்பெண், அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பில் விடுபட்டதை ஊகித்துச் சமைக்கிறாள். முதலில் வருவது இட்லி.

அந்தத் தட்டுகளை ஐந்தாம் வகுப்பில் பாலிமர் களிமண்ணால் செய்ய வைக்கலாம். பெயரில்தான் களிமண்; உண்மையில் அது பி.வி.சி. பிளாஸ்டிக். தண்ணீர் இல்லாததால் காற்றில் உலராது. மூடுபனி நாட்களில் ஏற்காட்டில் சாதாரணக் களிமண் காய நாளாகும்; அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் வெடிக்கும். பாலிமர் களிமண்ணை உறையில் குறித்த வெப்பத்தில், பெரும்பாலும் 130 டிகிரி செல்சியஸ் அளவில், மின்சார அவனில் சுட வேண்டும். கருகினால் நச்சுப்புகை வரும். சுடுவது ஆசிரியர் வேலை, அதுவும் சமைக்காத அவனில். கை கழுவிய பிறகே சத்துணவு! அவன் இல்லாத பள்ளிக்குக் குயவர் மண் போதும். நிழலில் மெதுவாகக் காயட்டும்.

மூன்று தட்டுகளையும் அடுக்கச் சொல்லுங்கள். குழிக்கு நேர்மேலே குழி வந்தால் மாவு உப்ப இடமிருக்காது. “ஏன் திருப்பி வைத்தாய்?” என்று கேளுங்கள். பதில் தெரியாதவர்கள் பாட்டியிடம் கேட்டு வரட்டும். நீராவிப் பாடத்தை மறுநாள் அந்தப் பதில்களிலிருந்து தொடங்கலாம்.