பிழை இருக்குமிடம் வேறு, காட்டுமிடம் வேறு

கணினி மொழி பயிலத் தொடங்கும் நம் பிள்ளைகளில் சிலர், இரண்டொரு வாரங்களிலேயே “நமக்கு இது வராது” என்று ஒதுங்கிவிடுகின்றனர். அவர்களை விரட்டுவது பல வேளைகளில் பாடத்தின் கடினமன்று. விடுபட்ட ஓர் அடைப்புக்குறியே. அதனை இம்மாதம் சற்று விளக்க முற்படுகிறோம்.

ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்து முடிக்கும் தனிப் பகுதி. ஒன்றனுள் மற்றொன்றை வைத்தெழுதும் வழக்கம் 1960-ஆம் ஆண்டின் அல்கால் 60 மொழியிலேயே உண்டு. நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கலும் அதனை ஏற்றது. உள்ளிருப்பது வெளியிலுள்ளதன் மாறிகளைக் காணலாம். வெளியார் உள்ளிருப்பதைப் பெயர் சொல்லி அழைக்க இயலாது. வீட்டுக்குள் அறை என்று கொள்க. டென்னிஸ் ரிட்சி வகுத்த சி மொழியோ இதற்கு இடந்தரவில்லை; அங்கே ஒவ்வொரு ஃபங்ஷனும் தனி வீடு. எனினும் ஜிசிசி என்னும் கம்பைலர் தன் பொறுப்பில் இச்சலுகையை அளிக்கிறது. தொல்லை பிறப்பதும் இங்கேதான்.

சி மொழியில் ஸக்காத்துக் கணக்கிட ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோம் என்போம். சேமிப்பு நிஸாபை எட்டியிருந்தால் 40-இல் 1 பங்கு. ஃபங்ஷனுக்கென ஒரு நெளிவு அடைப்புக்குறியைத் திறக்கிறோம். ‘இஃப்’ நிபந்தனைக்கு மற்றொன்று. அவசரத்தில் ஒன்றை மட்டுமே மூடுகிறோம். அதன்கீழ் ‘மெயின்’ பிழையின்றி அமைந்திருக்கிறது. ஜிசிசி யாது செய்யும்? முதல் வீட்டின் மதில் மூடப்படாமையால், மெயினையும் அதனுள் ஓர் அறையென்றே கருதி மேற்செல்லும். 9-ஆம் வரியில் விட்ட குறிக்கு, கோப்பு முடியும் 60-ஆம் வரியில் வந்துதான் முறையிடும்.

மாணவர் அந்தக் கடைசி வரியில் ஒரு குறியைச் சேர்க்கிறார். முறையீடு நின்றுவிடுகிறது! மகிழ்ச்சி ஒரு நொடிதான். அடுத்து, பகுதிகளை இணைக்கும் லிங்கர் “மெயினைக் காணோம்” என்கிறது. கண்முன் இருப்பதைக் காணோமென்றால் யாருக்குத்தான் மனம் சலிக்காது? அறைக்குள் அடைபட்டதை அது எங்ஙனம் காணும்!

கிளாங் என்னும் கம்பைலர் கண்டிப்பானது. மெயின் தொடங்குமிடத்திலேயே, இங்கே ஃபங்ஷன் எழுதலாகாது என்று மறித்துவிடும். புதியவர்க்கு இக்கண்டிப்பே நன்மை என்பது எம் கருத்து. ஆயினும் அங்கும் குற்றம் மெயினில் இல்லை. அதற்கு மேலே இருக்கிறது.

ஆகவே, காட்டப்பட்ட வரியில் குறை தென்படாவிடில் அதனை அழித்துவிடாமல், மேல்நோக்கித் தேடுக. முறையீடுகள் பத்து வந்தாலும் முதலாவதை மட்டும் தீர்த்து, மீண்டும் கம்பைல் செய்க. மற்றவை பலவும் அதன் நிழல்களாக இருக்கக்கூடும். குறியைத் திறந்த கையோடு மூடும் குறியையும் எழுதிவிட்டு, பின்னர் இடையை நிரப்பும் பழக்கம் மிக நன்று.

பைத்தானில் இக்குறிகள் இல்லை. வரித் தொடக்க இடைவெளியே உள்ளையும் புறத்தையும் வகுக்கிறது. தவறி உள்தள்ளி எழுதிய ஃபங்ஷன் அங்கே முறையீடே இன்றி உள் ஃபங்ஷனாகிவிடும். வெளியிலிருந்து அழைக்கும்போதுதான் அப்பெயரே தெரியாதென்னும். அதனை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுவோம்.